சாவி வைத்த கொம்பு

சென்ற பொங்கல் விடுமுறைக்கு என் தங்கை கோலாலம்பூரிலிருந்து வீட்டிற்கு வந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்பவள் அவள். எப்பொருளையும் கழற்றிப் பார்த்தாலன்றி அவளுக்கு உறக்கம் வருவதில்லை. என் அறைச் சுவரில் பல ஆண்டுகளாகத் தூசியேறித் தொங்கிக்கொண்டிருந்த பித்தளைப் பியூகலை எடுத்துத் துடைத்து என்னிடம் நீட்டி, “அண்ணா, இதில் ஒரு பாட்டு வாசியுங்கள்” என்றாள்.

“இதில் பாட்டு வராதம்மா” என்றேன்.

“ஏன் வராது?”

நான் விடை கூறாதிருக்கவே, அவள் கொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சற்று நேரஞ் சென்று வேறொரு கேள்வியும் கேட்டாள்: “நீங்கள் ஏன், அண்ணா, இந்தத் தோட்டத்திலேயே நின்றுவிட்டீர்கள்?” அவள் அதைக் குறையாகக் கேட்டாளில்லை, அன்பினாற் கேட்டாள். ஆயினும் அன்பினாற் கேட்கப்படும் கேள்வியே நெஞ்சில் ஆழத் தைக்கும் என்பதை நேயர்கள் அறிவார்கள். இரண்டு கேள்விகளுக்கும் அன்று என்னிடம் விடையில்லை. முதற் கேள்விக்கு விடை தேடி நான் சில மாதங்கள் நூல்களிலே அலைந்தேன். அலைந்ததன் பயனாக இரண்டாவதற்கும் ஒருவாறு விடை கிடைத்தது. அதனையே இங்கு எழுதுகின்றேன்.

என் தந்தையார் பால்மரம் வெட்டியவர். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது, சிங்கப்பூரிலிருந்த என் மாமா, பையன் ஆங்கிலப் பள்ளியிற் படித்து முன்னேறட்டும் என்று என்னைத் தம் வீட்டிற்கு அழைத்துக்கொண்டார். அப்பள்ளியில் ஒரு வாத்தியக் குழு இருந்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் டிரம்பெட்டும் கார்னெட்டும் சொந்தமாகக் கொண்டு வந்தனர். வாங்க வகையற்ற எனக்குப் பள்ளிக்கூடத்துப் பியூகல் ஒன்றை இரவலாகக் கொடுத்தனர். நாள்தோறும் மாலையில் அதை ஊதிப் பழகினேன். பழகப் பழக ஒரு விந்தை புலப்பட்டது: எவ்வளவு முயன்றாலும் அக்கொம்பில் ஐந்தே ஒலிகள்தாம் வந்தன. ஸ, ப, மேல் ஸ, க, ப. அவ்வளவே! என் அன்னை பாடிய தாலாட்டை அதில் எழுப்பலாமென்று பார்த்தேன். இரண்டாஞ் சொல்லிலேயே ‘ரி’ வேண்டியிருந்தது. கொம்பிலோ ‘ரி’ இல்லை. இசை உபாத்தியாயரிடம் சென்று முறையிட்டேன். “உன் கொம்பில் உள்ளது அவ்வளவுதான், உள்ளதைக் கொண்டு ஊது” என்றார் அவர். மற்றப் பிள்ளைகள் நகைத்தனர். பள்ளியை விட்டு வரும்போது, பழையதென்று கழித்த அக்கொம்பை எனக்கே கொடுத்துவிட்டனர். மேற்படிப்புக்குச் செல்லும் தறுவாயில் தந்தையார் நோய்வாய்ப்பட்டார். தோட்டத்து ஆபீஸில் ஒரு கிராணி வேலை காலியாக இருந்தது. நானும் கொம்பும் வீடு வந்து சேர்ந்தோம்.

‘உள்ளது அவ்வளவுதான்’ என்ற அச்சொல் மெய்தானா? அதை முதலில் ஆராய்வோம்.

ஒரு நீண்ட குழலின் ஒரு முனையில் உதடுகளை வைத்து அதிரச் செய்தால், குழலினுள்ளே இருக்கும் காற்றும் உடன் அதிர்கிறது. ஆனால் அக்காற்று நாம் விரும்பிய வண்ணமெல்லாம் அதிராது. குழலின் நீளத்துக்கு இசைந்த சில ஒலிகளையே ஏற்கும். உதட்டை இறுக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். இடையிலுள்ளவற்றைத் தொட முடியாது. கீழே படிகள் அகன்றிருக்கும். மேலே செல்லச் செல்ல நெருங்கும். ஸவுக்கும் பவுக்கும் இடையே இரண்டு ரி, இரண்டு க, இரண்டு ம ஆகிய ஆறு சுரங்கள் விட்டுப்போகின்றன. பவுக்கும் மேல் ஸவுக்கும் இடையே நான்கு. அடுத்து ஸவுக்கும் கவுக்கும் இடையே மூன்று. பின் கவுக்கும் பவுக்கும் இடையே இரண்டு. இது உலோகத்தின் குற்றமன்று, ஊதுபவன் குற்றமுமன்று. திறப்போ பொறியோ இல்லாத கொம்பு எந்த நாட்டினதாயினும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டதேயாம்.

ஐரோப்பியர் பல நூற்றாண்டுகள் இக்குறையோடேயே டிரம்பெட்டை ஊதி வந்தனர். குழலை நீளமாகச் செய்து, படிகள் நெருங்கியிருக்கும் உச்சத்தில் வாசித்துப் பாட்டமைத்த வித்துவான்களும் இருந்தனர். அதற்கு அசாத்தியமான உதட்டு வலிமை வேண்டும். அன்றியும், அக்கருவியை விரும்பிய எவரும் எடுத்து ஊதிவிட இயலாது. ஜெர்மானிய நாடுகளில் டிரம்பெட்காரர்களுக்குத் தனிச் சங்கம் இருந்தது. 1623-ஆம் ஆண்டில் பேரரசன் இரண்டாம் பெர்டினாண்டு அச்சங்கத்துக்கு உரிமைச் சாசனம் வழங்கினான். அரண்மனைக்கும் குதிரைப் படைக்கும் உரிய வாத்தியம் அது. சங்கத்திற் சேராதவன் அதனைத் தொழிலாகக் கொள்ளலாகாது. ஆக, கருவிக்குள்ளே சில சுரங்களுக்கே இடம். கருவிக்கு வெளியே சில மனிதர்களுக்கே இடம். முன்னது இயற்கையின் விதி. பின்னது மனிதர் தாமே வகுத்துக்கொண்ட விதி. இரண்டும் மாறக்கூடியவையே என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

நம் நாகசுரத்தை நன்கு பார்த்திருக்கும் நேயர்கள், “துளையிட்டால் தீர்ந்ததே!” என்பர். உண்மைதான். குழலின் பக்கத்தில் ஒரு துளை திறந்தால் அதிரும் காற்றின் நீளம் குறைகிறது, ஒலி உயர்கிறது. ‘சர்ப்பம்’ என்று பெயர்பெற்ற வளைந்த மரக் கொம்பில் ஐரோப்பியரும் அவ்வாறே ஆறு துளைகளிட்டு விரல்களால் மூடி வாசித்தனர். ஆனால் விரலுக்கு எட்டும் இடமும், விரலால் மூடத்தக்க அளவும் இசைக்கணக்குக்கு ஒத்து வருவதில்லை. துளை சிறிதானால் ஒலி மங்கும். பெரிதானால் விரலுக்கு அடங்காது. சரியான இடத்தில் வைத்தால் கைக்கு எட்டாது. இம்மூன்று இடர்களையும் ஒருங்கே தீர்ப்பதே சாவி. சாவியாவது, துளையை மூடும் ஒரு சிறு மூடியும், அதனை இயக்கும் நெம்புகோலும், அழுத்திய விரலை எடுத்ததும் அதைப் பழைய நிலைக்குத் திருப்பும் ஒரு வில்லும் சேர்ந்த பொறி. கதவுச் சாவிக்கும் இதற்கும் உருவ ஒற்றுமை இல்லை. திறத்தலும் பூட்டுதலுமாகிய தொழிலே ஒற்றுமை.

டிரம்பெட்டில் சாவி வைக்க முயன்றோர் சிலருள் பெயர் நிலைத்தவர் வியன்னா நகரத்து அரசவை டிரம்பெட்காரர் அன்டன் வைடிங்கர். அவர் ஏழாண்டுகள் பெரும் பொருட்செலவோடு உழைத்ததாகத் தம் கச்சேரி விளம்பரத்திலே தெரிவித்தார். அவரது கருவியை நம்பி, 1796-ஆம் ஆண்டில், தமது 64-ஆம் வயதில், பேராசான் ஜோசப் ஹைடன் ஒரு கச்சேரி இசையை எழுதிக் கொடுத்தார். வியன்னா அரசவை நாடக அரங்கில் 1800-ஆம் ஆண்டு மார்ச்சு 28-ஆம் நாள் வைடிங்கர் அதனை வாசித்தார். டிரம்பெட் என்றால் போர்முழக்கம் என்றே அறிந்திருந்த மக்கள் முன்னே, அது கீழ்ச் சுரங்களிலே அடுத்தடுத்துப் படியிறங்கி மெல்லப் பாடிற்று. மூன்றரை ஆண்டுகளுக்குப் பின், 1803-இல், ஹும்மல் என்பவரும் வைடிங்கருக்காக ஓர் இசை எழுதினார். அது 1804-ஆம் ஆண்டின் முதல் நாளில் எஸ்டர்ஹாசி சிற்றரசர் அவையில் ஒலித்தது.

எஞ்சியிருக்கும் சாவி டிரம்பெட்டுகளிற் பெரும்பாலானவற்றில் நான்கு முதல் ஆறு சாவிகள் காணப்படுகின்றன. ஐந்து வைத்தவையே மிகுதி. குழலை இருமுறை மடித்து, துளைகளெல்லாம் ஒரு கையின் விரல்களுக்கு அடங்குமாறு நெம்புகோல்களை அமைத்தனர். ஒரு கை பிடிக்கவும் மறு கை வாசிக்கவுமாக இருந்தது. சாவிகள் யாவும் தாமாக மூடியே இருக்கும், அழுத்தினாற் திறக்கும். இதில் ஒரு நுட்பமான குறையுமுண்டு. டிரம்பெட்டின் குழல் ஒடுங்கியது. நெடுந்தூரம் ஒரே பருமனாகச் சென்று கடைசியில்தான் மணிவாயாக விரிவது. துளை மூடியிருக்கும்போது ஒலி மணிவாயின் வழியே கணீரென்று வரும். துளை திறந்தாலோ பக்கவழியே வந்து மங்கும். ஒரே பாட்டில் ஒரு சுரம் வெளிச்சத்திலும் மறு சுரம் நிழலிலும் நிற்பதுபோல் இருக்கும். ஊதுபவரின் திறமையே அவ்வேற்றுமையை மறைக்க வேண்டும்.

இக்குறையைப் பெரிதும் தணித்தவர் அரசவையைச் சேர்ந்தவரல்லர். அயர்லாந்திலே கேவன் குடிப்படையின் வாத்தியக் குழுத் தலைவராயிருந்த ஜோசப் ஹாலிடே. அவர் எடுத்துக்கொண்டது டிரம்பெட்டையன்று, என் அறையில் தொங்கியதன் மூதாதையான படைப் பியூகலை. 1810-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஐந்து சாவிகள் வைத்த பியூகலுக்கு அவர் காப்புரிமை பெற்றார். பின்னர் அது கெண்ட் கோமகனின் பெயரால் ‘ராயல் கெண்ட் பியூகல்’ என வழங்கலாயிற்று. பியூகலின் குழல் தொடக்கமுதலே கூம்பாக விரிந்துகொண்டு செல்வது. ஆகவே பக்கத் துளைகளைப் பெரியனவாக வைக்க முடிந்தது. மணிவாயை நெருங்க நெருங்கத் துளையும் பெரிதாகும். திறந்த சுரத்துக்கும் மூடிய சுரத்துக்கும் உள்ள வேற்றுமை இதனாற் குறைந்தது.

கணக்கெழுதிப் பிழைப்பவனாகிய எனக்கு மிக உவப்பளித்தது இக்கருவியின் சாவிக்கணக்கு. ஐந்தோடு விரைவில் ஆறாவது சாவியும் சேர்ந்தது. ஸவுக்கும் பவுக்கும் இடையே விட்டுப்போனவை ஆறு சுரங்கள் என்றோமல்லவா? ஐந்து சாவிகள் மூடிய நிலையில் நிற்பன. ஒவ்வொன்றாய்த் திறந்தால் ஸவிலிருந்து ஐந்து படி ஏறலாம். மணிவாய்க்கு அருகிலுள்ள ஒரு சாவி மட்டும் இதற்கு மாறாக எப்போதும் திறந்தே நிற்கும். அதை மூடினால் குழல் நீண்டு, ப அரைப்படி இறங்கிப் பெரிய ம ஆகிவிடும். ஐந்தும் ஒன்றும் ஆறு, கணக்கு நேராயிற்று! எல்லாவற்றினும் அகன்ற இடைவெளி நிரம்பிவிட்டால், மேலுள்ள ஒடுங்கிய இடைவெளிகளை அதே சாவிகளைக் கொண்டு நிரப்புவது எளிது. அந்தத் திறந்த சாவியால் வேறொரு நன்மையும் உண்டு. இயற்கையான ஸவும் பவுங்கூட அத்துளையின் வழியாகவே ஒலிப்பதால், எல்லாச் சுரங்களும் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள்போல் ஒத்த குரலுடையனவாயின. பிற்காலத்தில் வேகமான ஓட்டங்களுக்கு எளிதாகுமென்று 12 சாவிகள் வரையிலும் சேர்த்தனர்.

இதனைச் செய்த தொழிலாளரின் கைத்திறனை எண்ணிப் பாருங்கள். செம்புத் தகட்டையோ பித்தளைத் தகட்டையோ விசிறிபோல் வெட்டி, இரும்பு அச்சின்மேற் சுற்றி, ஓரங்களைப் பற்றாசு வைத்துத் தீயிற் பற்றவைப்பர். பின் சுத்தியலால் தட்டித் தட்டிக் கூம்பாக்குவர். வளைக்கும்போது குழல் நசுங்காதிருக்க, ஈயத்தையோ பிசினையோ உருக்கி உள்ளே நிரப்பி, வளைத்தபின் மீண்டும் உருக்கி வடித்துவிடுவர். அதன்மேல் துளைகளிட்டு, ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிறு விளிம்பு பொருத்துவர். இத்தருணத்தில் தீ மிகுந்தால் முன்பு பற்றவைத்த ஓரம் விட்டுப்போகும். ஆதலின் விரைவில் உருகும் மென்பற்றாசையே ஆள வேண்டும். மூடியின் அடியில் தோல் மெத்தை. நெம்புகோலின் அடியில் தட்டையான வில். வில் தளர்ந்தால் மூடி சரியாக அடையாது. இறுகினால் விரல் நோகும். தோல் மூச்சின் ஈரம்பட்டுச் சுருங்கினாலோ காற்றுக் கசியும். ஒரு சாவியில் மயிரளவு கசிந்தாலும் அதற்குக் கீழுள்ள சுரங்களெல்லாம் கெடும். ஆகவே பித்தளை வேலையும் தோல் வேலையும் பூட்டு வேலையும் இசைச் செவியும் ஒரு பட்டறையிலே கூடவேண்டியிருந்தது. கைவேலை தாழ்ந்தது, கலை உயர்ந்தது என்று பிரித்துப் பேசுவோர் இப்பட்டறையில் எதை எங்கே பிரிப்பார்களோ, நானறியேன்.

இக்கருவி பரவிய வேகமும் வியக்கத்தக்கது. 1815-இல் வாட்டர்லூப் போர் முடிந்து ஆங்கிலப் படை பாரிசில் தங்கியிருந்தபோது, ஜான் டிஸ்டின் என்பவர் சாவிப் பியூகல் வாசிப்பதைக் கேட்ட ரஷ்ய இளவரசர் கான்ஸ்டன்டைன், அதுபோல் ஒன்று செய்து தருமாறு பாரிஸ் நகரத்து வாத்தியத் தொழிலாளி ஹலாரியிடம் கேட்டார். ஹலாரி பார்த்துச் செய்ததோடு நிற்கவில்லை. அதையே பெருக்கி, தாழ்ந்த குரலில் ஒலிக்கும் ஒரு நெட்டைக் கருவியை 1817-இல் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெற்றார். பழைய சர்ப்பக் கொம்பின் தொழிலைச் சாவிகளோடு செய்ததால், கிரேக்க மொழியில் ‘சாவிப் பாம்பு’ எனப் பொருள்படும் ‘ஓபிகிளைடு’ என்ற பெயர் அதற்கு வாய்த்தது. சுமார் 8 அல்லது 9 அடி நீளமுள்ள குழலைப் பாதியில் மடித்து நிமிர்த்து வைத்ததுபோன்றது அது. பெர்லியோஸ் தமது புகழ்பெற்ற ‘சிம்போனி பன்டாஸ்டிக்’ என்னும் 1830-ஆம் ஆண்டின் படைப்பிலும், மெண்டல்சோன் 1846-இல் அரங்கேறிய ‘எலியா’விலும் அதற்கு இடந்தந்தனர்.

அமெரிக்காவிலே பிலடெல்பியா நகரில் பிரான்சிஸ் ஜான்சன் என்ற கறுப்பினத்தவர் இருந்தார். 1792-இற் பிறந்து 1844-இல் மறைந்தவர். தென் மாநிலங்களில் அவருடைய இனத்தார் சட்டப்படி அடிமைகளாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது; 1865-இல்தான் அந்த ஈனச் சட்டம் ஒழிந்தது. அத்தகைய காலத்தில் அவர் சாவிப் பியூகலில் பேர்பெற்ற வித்துவானாகி, சொந்த வாத்தியக் குழு அமைத்து, பாட்டுகள் எழுதி அச்சிட்டு, 1837-இல் தம் குழுவினரோடு இங்கிலாந்து சென்று வாசித்தார். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் சாசனம் பெற்றவர்க்கே உரியதாயிருந்த பித்தளை முழக்கம், ஒரு சாதாரணக் குடிப்படைக்காரரின் சாவிகளினால், யாருக்கு எவ்வுரிமையும் இல்லையென்று சொல்லப்பட்டதோ அவர் கைக்கு வந்துவிட்டது. துளைகள் திறந்தது கொம்பில் மட்டுமா?

இத்தனை சிறப்புற்ற கருவி இன்று எங்கே? பெரும்பாலும் பொருட்காட்சிச்சாலைக் கண்ணாடிப் பேழையில். காரணம் வால்வு. 1818-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டில் ஸ்டோல்செல், புளூமெல் என்ற இருவர் வால்வுக்குக் காப்புரிமை பெற்றனர். சாவி குழலைக் குறைத்துச் சுரத்தை உயர்த்துகிறது; வால்வோ காற்றை ஓர் உபரிக் குழல் வழியே சுற்றவிட்டு, குழலை நீட்டிச் சுரத்தைத் தாழ்த்துகிறது. எந்தச் சுரமாயினும் ஒலி மணிவாய் வழியாகவே வெளிவரும். எனவே குரல் மங்குவதில்லை. வால்விலும் குறை இல்லாமலில்லை. இரண்டு வால்வுகளை ஒருங்கே அழுத்தினால், சேரும் குழல்களின் நீளம் கணக்குக்குச் சற்றுக் குறைந்து சுருதி ஏறிவிடும்; சாவியில் அவ்விடர் இல்லை. நுட்பமாகக் கடைந்த வால்வுகள் மலிவாகக் கிடைக்கச் சில பத்தாண்டுகள் ஆயின. அதுவரை சாவிகள் ஆண்டன. பின்னர் கார்னெட்டு சாவிப் பியூகலையும், 1835-இல் பெர்லினிற் பிறந்த டூபா மெல்ல மெல்ல ஓபிகிளைடையும் வீட்டுக்கு அனுப்பின. பாஸ்டன் நகரத் தொழிலாளி எல்பிரிட்ஜ் ரைட் தங்கத்திலே ஒரு சாவிப் பியூகல் செய்து, லோவல் நகரக் குழுவினர் அதனைத் தம் தலைவர் ஹாலுக்குப் பரிசளித்தது 1850-இல். அக்கருவியின் காலம் முடிந்துகொண்டிருந்த வேளை அது. விளக்கு அணையுமுன் பிரகாசித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் கைத்திறன் முதிர்வதற்கும் காலம் வேண்டுமன்றோ?

இவற்றைப் படித்து முடித்தபோது எனக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. சாவி வைத்த கொம்பு ஓர் இடைப்படி. ஐந்து சுரக் கொம்புக்கும் வால்வு வைத்த டிரம்பெட்டுக்கும் நடுவே அது நின்றது. பித்தளை வாத்தியத்திலும் பன்னிரு சுரங்களும் வேண்டும் என்ற ஆசையை உலகுக்கு ஊட்டிவிட்டு அது விலகிக்கொண்டது. நானும் அத்தகையவனே என்று எண்ணினேன். என் தந்தையார் பால்மரம் வெட்டினார். என் தங்கை பொறியியல் வல்லுநர் ஆகப் போகிறாள். நடுவிலே கிராணியாகிய நான் படியாகக் கிடக்கிறேன். அவள் கேட்ட இரண்டாம் கேள்விக்கு, “நீ ஏறுவதற்காக நான் நின்றேன்” என்பதே விடை என்று தீர்மானித்து, அதை அவளுக்கு எழுதவும் தொடங்கினேன்.

எழுதிய தாளைக் கிழித்துப் போட்டேன். ஏனெனில் அதில் ஒரு பொய் இருந்தது.

ஒருநாள் இரவு, ஹைடனின் அந்த இசையைச் சாவி டிரம்பெட்டிலேயே வாசித்த ஒரு பதிவைக் கேட்டேன். இக்காலத்திலும் பழங்கருவியைப் போலச் செய்து பயின்று வாசிப்போர் உளர். நடுப்பகுதியில் மெதுவாகச் செல்லும் பாட்டில், சில சுரங்கள் மங்கி மென்மையாகவும் சில தெளிந்தும் வந்தன. நூல்கள் குறையென்று கூறிய அதே நிழலும் வெளிச்சமும் அங்கே ஒரு மனிதக் குரலின் நெகிழ்ச்சிபோல் இருந்தன. அப்போது எனக்குத் தோன்றிற்று: வைடிங்கர் ஏழாண்டுகள் உழைத்தது பிற்காலத்து வால்வுக்கு வழிவிடுவதற்காகவா? அன்று. 1800-ஆம் ஆண்டின் அந்த ஒரு மாலையில் தம் டிரம்பெட்டிலே பாட்டு வரவேண்டும் என்பதற்காகவே உழைத்தார். ஹைடன் எழுதியதும் இனி வரப்போகும் கருவிக்கன்று, கண் முன்னே இருந்த கருவிக்கே. பின்னால் வந்தவர்கள் அதனைப் படியென்று கூறிக்கொள்ளலாம். அது தன்னைப் படியென்று எண்ணிப் பிறக்கவில்லை.

நானும் தங்கைக்காக நின்றேன் என்பது முழு உண்மையன்று. வேறு வழியின்றி நின்றேன். அதை அவள் தலையில் நன்றிக்கடனாக ஏற்றுவது அநீதி. ஆனால் நின்ற இடத்திலே நான் செய்ததற்கு ஒரு மதிப்பு உண்டா என்பதே கேள்வி. சென்ற ஆண்டு ஒரு மாதத்துச் சம்பளக் கணக்கில், செம்பனை உதிரி பொறுக்கும் மூதாட்டி ஒருவருக்கு மூன்று நாள் வேலை விடுபட்டிருந்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சந்தேகம் கேட்கவும் அஞ்சுவார். நான் வயற்காட்டுக் கணக்கையும் வருகைப் பதிவையும் மூன்று இரவுகள் ஒப்பிட்டு, பிழையைக் கண்டு மேலே காட்டினேன். சில கடுஞ் சொற்களும் கேட்டேன். முடிவில் பணம் அவர் கைக்கு வந்தது. அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் ஆபீஸ் படியில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருந்தது. அந்த மூன்று நாட்கூலி எந்த எதிர்காலத்துக்கும் படியன்று. அஃது அந்த மாதத்துக்கே உரிய நியாயம். நாளை இக்கணக்கையெல்லாம் இயந்திரம் பிழையின்றிப் போடலாம், போடட்டும், நல்லதே. வால்வு வந்தது நல்லதே. அதனால் முன்னே சாவி வாசித்த பாட்டு இல்லாமற் போய்விடுமா?

ஆதலின், என்னைப்போல் நடுவிலே நிற்கும் தோழர்களுக்கு ஒன்று சொல்லுவேன். ‘உன் கொம்பில் உள்ளது அவ்வளவுதான்’ என்று எவரேனும் கூறினால் நம்பாதீர்கள். ஒரு துளையேனும் திறக்க இடமிருக்கும். அப்படித் திறந்தபின், ‘நீ வெறும் படிதான்’ என்று கூறினால் அதையும் நம்பாதீர்கள்.

தங்கைக்கு வேறொரு கடிதம் எழுதினேன். இரண்டாம் கேள்விக்கு, “வேறு வழியில்லாமல் நின்றேன், நின்றபின் வீணாக நிற்கவில்லை” என்று இரண்டே வரிகள். முதற் கேள்விக்குப் பத்துப் பக்கங்கள், சாவிக்கணக்கு உட்பட! அடுத்த விடுமுறைக்கு வந்தவள் முதல் வேலையாகக் கொம்பைக் கீழே இறக்கி, நூலைக் கொண்டு அதன் நீளத்தை அளந்தாள். இரவு முழுதும் ஏதோ கணக்குப் போட்டாள். காலையில் பார்த்தபோது, பித்தளையின்மேல் பென்சிலால் ஆறு சிறு வட்டங்கள் வரைந்திருந்தன.

“துளையிடலாமா, அண்ணா?” என்றாள். “பிசகினால் உள்ள ஐந்தும் போய்விடும்.”

சற்றுத் தயங்கினேன். பின்பு, “இடம்மா” என்றேன்.